மருதப்பன் மிதிக்காத மிதி

கெர்பாவ் ரோட்டில் ஒரு வீட்டுச் சங்கதி அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் யாராவது கொஞ்சம் மெனக்கெட வேண்டும். வடிவேலு அந்தச் சிரமத்தை எங்களுக்கு வைக்கவில்லை. லாரியை நடுத்தெருவில் நிறுத்தி, கீழே இறங்காமல், ஸ்டியரிங்கில் ஒரு கையை வைத்தபடியே தங்கை புருஷன் மருதப்பனிடம் பேசினார். மாடி ஜன்னலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான் கையில் ஈரத்துணியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"மாப்பிளே, தீபாவளி வரைக்கும் பாரு. பால் ஃபேக்டரி வேலை கிடைச்சா உன் சாமர்த்தியம். கிடைக்கலைன்னா கடையைச் சாத்திட்டு காலாங்குக்கு வந்துடு. என் பட்டறையில ஒரு மூலை உனக்கு. நான் என்னா அந்நியனா?"

அந்நியனாக இருந்திருந்தால் மருதப்பன் யோசிக்காமல் போயிருப்பார். மனைவியின் அண்ணன் என்பதுதான் தொண்டையில் முள். வடிவேலுவின் பட்டறையில் வேலை செய்பவர்கள் காலையில் அவர் லாரிச் சத்தம் கேட்டதும் எழுந்து நிற்க வேண்டும். மதியம் அவர் ஒரு தமாஷ் சொல்வார், சிரிக்க வேண்டும். சிரிப்புப் போதவில்லை என்று பட்டால் இன்னொரு தடவை சொல்வார். கல்யாணப் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் மாட்டிக்கொண்ட எல்லோருக்கும் இது தெரியும். லாரியின் பக்கவாட்டில் தமிழிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறவர். அந்தச் சீன எழுத்து வேறு எதையோ சொல்கிறது என்று காய்கறிக் கடை ஆ சூன் சிரிப்பான்; என்ன சொல்கிறது என்பதை மட்டும் இன்றுவரை சொன்னதில்லை.

லாரி போன பிறகு மருதப்பன் பக்கத்துச் சைக்கிள் கடை ஜமால் முகம்மதுவிடம் புலம்பினார்.

"போறேன்னே வச்சுக்குங்க பாய். பகல்ல அவன்கிட்ட கைகட்டி நிக்கணும். பொழுதுபோய் வீட்டுக்கு வந்தா, எங்கண்ணன் என்னா சொன்னாருன்னு இவ கேப்பா."

"சாப்பாட்டுல உப்புக் கூடிப்போச்சுன்னுகூடச் சொல்ல முடியாது," என்றார் ஜமால், டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே. "மறுநாள் பட்டறையில விசாரணை வரும்."

ஆக, பால் தொழிற்சாலை வேலை கிடைத்தால் கடை, கிடைக்காவிட்டால் மச்சான். அறுபத்தாறாம் வருஷத் தீபாவளி மருதப்பனுக்கு இப்படித்தான் வந்து நின்றது.

மருதப்பனின் வெல்டிங் பட்டறை எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, கீழ்த்தளத்தில். மாடியில் அவரும் மனைவி தங்கமும் குடியிருந்தார்கள். தங்கம் ஜன்னலோரம் தையல் மிஷின் போட்டிருந்தாள். தீபாவளி நெருங்கினால் இந்தத் தெரு ரவிக்கைகளில் பாதி அங்கேதான் உருவாகும். கீழே இவர் இரும்பை ஒட்டுவார், மேலே அவள் துணியை ஒட்டுவாள். அவளுக்குத்தான் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்யச் சொல்லி வந்துகொண்டிருந்தவர்கள் பலர் குவீன்ஸ்டவுன் பக்கம் அடுக்குமாடி வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஏழாம் மாடியில் இருப்பவனுக்குத் தெருக்கேட்டு எதற்கு?

அந்த நேரத்தில்தான் ஜூரோங்கில் புதிதாக எழும்பிய ஒரு பால் தொழிற்சாலை, மெல்லிசான எவர்சில்வர் குழாய்களை ஒட்டித் தர ஆள் தேடியது. லிம் என்ற எஞ்சினியர் தீபாவளிக்கு முந்தின வாரம் பட்டறைக்கே வந்து, கண்முன்னால் ஒரு குழாயை ஒட்டச் சொல்லிப் பார்ப்பார். ஒட்டு உள்ளேயும் வெளியேயும் வழவழப்பாக இருக்க வேண்டும். ஓட்டை விழுந்தால் வேலை கிடையாது.

மருதப்பனுக்குக் கை சுத்தம். மிஷின்தான் தகராறு. யுத்தம் முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் ஏலம் விட்டபோது எடுத்தது அது. துணி அலமாரி உயரம். போட்டால் தேக்கா மார்க்கெட் வரை உறுமும். கப்பல் தகட்டை ஒட்டப் பிறந்ததிடம் எவர்சில்வரைக் கொடுப்பது, யானையைக் கூப்பிட்டு ஊசியில் நூல் கோக்கச் சொல்வதைப் போலத்தான். ஒட்டத் தொடங்கும்போது கரண்ட் கொஞ்சம் கூட வேண்டும். குழாய் சூடேற ஏறக் குறைக்க வேண்டும். முடிக்கும்போது இன்னும் குறைத்து, மெல்ல அணைக்க வேண்டும். குறைக்கிற கைப்பிடியோ பட்டறையின் பின்கோடியில் மிஷினின் நெற்றியில் இருந்தது. மருதப்பனின் ஒரு கையில் நெருப்பு உமிழும் டார்ச், மறு கையில் உருக்கி ஒட்டுகிற கம்பி. எழுந்து ஓடிப் போய்த் திருப்பிவிட்டு வருவதற்குள் குழாயில் ஓட்டை விழுந்து, அதன் வழியே தெரு தெரியும்.

ஜமால் ஒரு நாள் கைப்பிடிப் பக்கம் நின்று உதவிப் பார்த்தார். மருதப்பன் "குறை" என்று கத்தியது மிஷின் உறுமலில் கேட்கவில்லை. பிறகு கேட்டது, அப்போது அவர் கத்தியது வேறு.

இதற்கு வழி சொன்னவர் விஸ்வலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், ஓர் ஆபீசில் படம் வரைகிற உத்தியோகம். எதையும் படமாகப் போட்டுப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. வீட்டில் கூரை ஒழுகினாலும் முதலில் படம், பிறகுதான் வாளி என்று அவர் மனைவி யோகமே சொல்லியிருக்கிறாள். சைக்கிளுக்குக் காற்றடிக்க ஜமால் கடைக்கு வந்தவர், பக்கத்துப் பட்டறையை எட்டிப் பார்த்தார்.

"இஞ்ச பாரும் மருதப்பன். உம்மட கை ரெண்டுக்கும் வேலை கிடக்கு. கால் ரெண்டும் சும்மாதானே நிக்குது? காலுக்கு ஒரு வேலை குடுப்பம்."

"காலுக்கா?"

"ஓம். லோரியில எண்ணெய் மிதிக்கிற மாதிரி ஒரு மிதி. மிதிச்சால் கரண்ட் கூடும், விட்டால் குறையும். வெளிநாட்டில இப்ப வாற மெஷின் எல்லாத்துக்கும் இது கூடவே வருது. பழசுக்கும் பூட்டலாம். விசர்க் கதை இல்லை, நான் கணக்குப் போட்டுத்தான் சொல்லுறன்."

மறுநாளே மூன்று நிற மையில் படம் வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், படம் சரியான படம். சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் செத்த லாரி ஒன்றின் மிதியைக் கண்டுபிடித்தார்கள். ஜமால் சைக்கிள் பிரேக் கம்பியை நீளமாக இழுத்து, மிஷினின் கைப்பிடியில் ஒரு சங்கிலிச் சக்கரத்தை மாட்டி, அதில் சுற்றினார். காலை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்ப ஒரு ஸ்பிரிங். மிதி மட்டும் முன்பக்கம், மருதப்பன் வேலை செய்யும் மேசைக்குக் கீழே. விஸ்வலிங்கம் குனிந்து கையால் அமுக்கினார். பின்கோடியில் மிஷினின் கரண்ட் முள் ஏறியது. விட்டார். இறங்கியது. கடைவாசல் ஐந்தடி நடைபாதையில் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் என்ன நினைப்பார்கள்?

மருதப்பன் முகமூடியை இறக்கினார். டார்ச்சைப் பிடித்தார். காலை மிதியில் வைத்தார்.

வைத்த அடுத்த கணமே இடது கை கம்பியைப் போட்டுவிட்டுக் கீழே போனது, மிதியைத் தொட்டது, கண்ணில் ஒற்றிக்கொள்ள மேலே வந்தது, முகமூடியில் இடித்தது.

டங்.

குழாயில் ஓட்டை.

இது ஏன் என்று எங்களில் யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆயுத பூஜை முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மிஷினின் நெற்றியில் மூன்று பட்டை விபூதியும் ஒரு ரூபாய் அகலக் குங்குமமும் அழியாமல் இருந்தன. ஆயுதத்தின் மேல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது எல்லோருக்கும் உள்ளதுதான். மருதப்பனுக்கு அது கொஞ்சம் அதிகம். சுத்தியலைத் தாண்டிப் போனவனைத் திரும்பி வரச் சொல்லிச் சுற்றிப் போகவைப்பார். ஷூ லேஸைக் கட்ட மிஷினின் அடிச்சட்டத்தில் காலைத் தூக்கி வைத்த ஒரு போலீஸ்காரரையே "ஐயா, அது சாமி" என்று இறக்கிவிட்டிருக்கிறார். அப்படிப்பட்டவரிடம் போய்ச் சாமியை மிதித்துக்கொண்டே வேலை செய் என்றால்?

"பழகிடும்லா," என்றார் ஜமால்.

பழகவில்லை. அடுத்த சில நாளும் எதிர்ப்பட்டறையிலிருந்து டங், டங் என்று வந்துகொண்டே இருந்தது. மனசுக்குள் முடிவு செய்துகொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு காலை வைப்பார். மனசு கேட்கும், கை கேட்காது. காலை வைத்தால் கை புறப்பட்டுவிடும்.

தெருவே ஆளுக்கொரு யோசனை சொன்னது. முதலில் ரத்தினம்மா. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள். கோவில் பிரசாதம், யார் வீட்டுத் தீட்டு எத்தனை நாள், எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பது எல்லாவற்றுக்கும் இந்தத் தெருவில் அவள்தான் கோர்ட்டு. ஆயுத பூஜையன்று எல்லா வீட்டு ஆயுதங்களுக்கும் பொட்டு வைப்பது அவள் உரிமை.

"நான் என் கையால பொட்டு வச்ச மிஷினு. அதைக் காலால மிதிக்கிறதா? விளங்குமா அது?" என்றாள்.

"பொட்டு வச்சப்ப இந்த மிதி இல்லையே அக்கா," என்றார் ஜமால். "பொறவு வந்ததுதானே? சேர்த்தி இல்லைன்னு வச்சுக்கலாம்ல?"

இது எல்லோருக்கும் பிடித்திருந்தது. ரத்தினம்மாவே தாடையில் கை வைத்து யோசித்தாள். விஸ்வலிங்கம்தான் கெடுத்தார்.

"அப்பிடிச் சொல்லேலாது. கம்பியால இணைச்ச பிறகு அதுவும் மெஷினிட ஒரு பாகம்தான்."

"உங்களை யாருங்க கேட்டா?" என்றார் ஜமால்.

மிதியின் மேல் ஒரு பலகையைப் போட்டார்கள். மிதிப்பது பலகையைத்தான், மிஷினை அல்ல. மருதப்பன் பலகையைத் தொட்டுக் கும்பிட்டார். காலுக்குப் பட்டாளத்துக் காலுறை போட்டுப் பார்த்தார்கள். டங். ஜமாலையே மிதிக்கச் சொன்னார்கள். அவருக்குத்தான் சாமி வேறாயிற்றே.

"நல்லாருக்கே கதை! உங்க சாமி கோவத்தை நான் வந்து வாங்கிக்கணுமா? எங்க வீட்டுல ஆமினா பீவி கேட்டா வெளக்குமாத்தை எடுப்பா," என்று அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

கடைசியில் மருதப்பனே ஒரு வழி கண்டுபிடித்தார். மண்டிபோட்டு, முட்டியால் அமுக்கினார். கை கீழே போகவில்லை! முட்டி காலில் சேர்த்தியா இல்லையா என்று ரத்தினம்மாவிடம் கேட்டோம். அவள் நெடுநேரம் யோசித்து, முட்டிக்குக் கீழேதான் கால், முட்டி தனி என்று தீர்ப்புச் சொன்னாள். முட்டிக்குப் பெருமை, மூளை மட்டும் இல்லை. அமுக்கினால் முழுக்க அமுக்கும், எடுத்தால் முழுக்க எடுக்கும். குழாயில் விழுந்த ஓட்டையில் ரத்தினம்மாவின் கட்டைவிரல் போய் வந்தது.

இந்தச் சங்கதியெல்லாம் காலாங்குக்குப் போகாமல் இருக்குமா? வடிவேலு வந்தார். இந்தத் தடவை லாரியை விட்டு இறங்கினார். மண்டிபோட்டுக்கொண்டிருந்த தங்கை புருஷனைப் பார்த்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"என்னா மாப்பிளே, இப்பவே மண்டிபோட ஆரம்பிச்சுட்டே? நான் அவ்வளவெல்லாம் கேக்கலையே."

மருதப்பன் முகமூடியைத் தூக்கவில்லை. உள்ளே முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

"லிம் வர்ற அன்னிக்கு நானும் வர்றேன்," என்றார் வடிவேலு. "மெஷினைத் தூக்கிப் போட ஆளுங்களையும் கூட்டியாறேன். ரெண்டு வேலையும் ஒரே நாள்ல முடிஞ்சுடும்."

அவர் போன பிறகு நடந்ததைத்தான் நான் சாகும் வரை மறக்க மாட்டேன். மாடியில் தையல் மிஷின் சத்தம் நின்றது. தங்கம் படியிறங்கி வந்தாள், வாயில் இரண்டு குண்டூசியோடு. அதிகம் பேசுகிற பெண் இல்லை; வாயில் எப்போதும் குண்டூசி இருந்தால் எப்படிப் பேசுவது? ஊசிகளை எடுத்து முந்தானையில் குத்தினாள். ஸ்டூலை இழுத்து மேசைக்குப் பக்கத்தில் போட்டாள். வெல்டிங் வெளிச்சம் கண்ணில் படாமல், முதுகை அந்தப் பக்கமும் முகத்தைத் தெருப்பக்கமும் வைத்து உட்கார்ந்தாள். வெறுங்காலை மிதியில் வைத்தாள்.

"ம், ஒட்டுங்க," என்றாள்.

"ஏய், ஏய்! கால்!" என்றார் மருதப்பன்.

"சிவ சிவா," என்றாள் ரத்தினம்மா. "தங்கம், பொட்டு வச்ச மிஷினுடி. பொம்பளை நீ, காலை வைக்கிறியே!"

தங்கம் திரும்பக்கூட இல்லை.

"ஏங்க்கா, மாடியில இருக்கிற தையல் மிஷினுக்கும் நீங்கதானே பொட்டு வச்சீங்க?"

"ஆமா."

"அதைக் கையாலயா ஓட்டுறேன்? நீங்க இப்பப் போட்டிருக்கீங்களே, அந்த ரவிக்கை எதால தைச்சதுன்னு நினைச்சீங்க?"

ரத்தினம்மா தன் ரவிக்கையைக் குனிந்து பார்த்தாள். நான் என்னுடையதைப் பார்த்தேன். வீட்டுக்கு வீடு தையல் மிஷின் இருக்கிறது. வருஷம் பூராவும் மிதிக்கிறோம், பூஜையன்று அதற்கும் சந்தனம் பூசுகிறோம். அது ஆயுதம் என்றோ மிதிப்பது குற்றம் என்றோ எவருக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை. பெண்கள் மிதிக்கிற மிதி யார் கண்ணிலும் படவில்லை. சரஸ்வதி கண்ணிலும்கூட. கோர்ட்டு அன்றைக்கு அத்தோடு கலைந்தது.

மருதப்பன் பயந்துகொண்டேதான் டார்ச்சைப் பிடித்தார். "கூட்டு" என்றார், கூட்டினாள். "குறை" என்றார், குறைத்தாள். தையலில் வளைவு வரும் இடத்தில் கால் எப்படித் தானாகத் தணியுமோ, அப்படித் தணிந்தது. கடைசியில் மெல்ல, மெல்ல, அணைத்தாள். மருதப்பன் முகமூடியைத் தூக்கிக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விஸ்வலிங்கம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார்.

"அருமை," என்றார். "படத்தில நான் போட்டது சரியாத்தான் இருக்கு."

அதற்கப்புறம் தினமும் ரவிக்கைக்கு நடுவே கொஞ்ச நேரம் அவள் கீழே வருவாள். இரண்டே நாளில் அவர் சொல்வதற்குக் காத்திருப்பதை விட்டுவிட்டாள். ஒட்டுகிற இடம் எழுப்பும் சத்தம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. முகத்தைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு, கத்தரிக்காய்க்காரனிடம் பேரம் பேசிக்கொண்டே மிதித்தாள். மருதப்பன் உள்ளே "கூட்டு, குறை" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். யாருக்குச் சொன்னாரோ.

லிம் வந்த நாள் தெருவில் எவருக்கும் வேறு வேலை இல்லை. வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் மூன்று பேனா, கையில் டார்ச் லைட், கக்கத்தில் குழாய். வடிவேலுவும் சொன்னபடி வந்திருந்தார், இஸ்திரி போட்ட சட்டையில். லாரியில் நாலு தடியன்கள் கயிற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்த தங்கையைப் பார்த்ததும் அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆனது.

"நீ எதுக்கு இங்க?"

"உட்காருங்கண்ணே. முடிஞ்சதும் கோப்பி போடறேன்."

மிஷின் உறுமியது. நீலவெளிச்சம் பட்டறைச் சுவரில் துள்ளியது. நாங்கள் விரலிடுக்கு வழியாக எதையோ பார்த்தோம். பாதிக் குழாய் வரை எல்லாம் சரியாகப் போனது. பிறகு மருதப்பனுக்கு என்ன தோன்றியதோ, மச்சான் நிற்கிற தைரியமோ பயமோ, குரலை உயர்த்தினார்.

"கூட்டு."

தங்கம் கூட்டவில்லை.

"கூட்டுன்னு சொல்றேன்ல!"

"சும்மா இருங்க. அது சீறுது."

"மிஷின் எனக்குத் தெரியுமா உனக்குத் தெரியுமா?"

"கையைப் பாத்து வேலை செய்யுங்க," என்று சொல்லிவிட்டு, அவள் கூட்டுவதற்குப் பதில் இன்னும் கொஞ்சம் குறைத்தாள். ஜமால் கண்ணை மூடிக்கொண்டார். ஓட்டை விழுந்தால் நாலு தடியன்களும் கயிற்றோடு இறங்கிவிடுவார்கள். மருதப்பன் நாளை காலையில் காலாங்கில் எழுந்து நிற்பார்.

விழவில்லை. சீறல் தணிந்தது. நெருப்புச் சுற்றி வந்து, தொடங்கிய இடத்தைத் தொட்டு, மெல்லச் சுருங்கி, அணைந்தது.

மருதப்பன் டார்ச்சை மேசையில் வைத்தார். எழுந்திருக்கக் காலை எடுத்தார். எடுத்த கால், மிதியில் இருந்த தங்கத்தின் காலில் பட்டது.

அவ்வளவுதான். கை புறப்பட்டுவிட்டது. கீழே போனது, தங்கத்தின் பாதத்தைத் தொட்டது, கண்ணில் ஒற்றிக்கொள்ள மேலே வந்தது.

டங்.

ரத்தினம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டிய புருஷன், பெண்டாட்டி காலை, பட்டப்பகலில், மச்சான் எதிரில்! தங்கம் வெடுக்கென்று காலை இழுத்துச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். மருதப்பன் முகமூடியைத் தூக்கவே இல்லை. இனிமேல் அதற்குள்ளேயே குடியிருந்துவிடுவது என்று முடிவு செய்தவரைப்போல நின்றார்.

லிம்முக்கு ஒன்றும் புரியவில்லை. அது என்ன என்று ஜமாலிடம் மலாயில் கேட்டார். ஜமால் இந்தத் தெருவிலேயே நாணயமான மனிதர். ஆனால் அவசரத்துக்கு வாயில் எது வருகிறதோ அதைச் சொல்லிவிடுவார்.

"எங்க ஆளுங்க வழக்கம் துவான். வேலை நல்லபடியா முடிஞ்சா முதலாளிக்கு மரியாதை செய்வாங்க."

லிம் தலையாட்டினார். டார்ச் லைட்டைக் குழாய்க்குள் அடித்துப் பார்த்தார். ஒட்டின் மேல் விரலை ஓட்டினார். பிறகு மருதப்பனைத் தாண்டி வந்து, குழாயை இரண்டு கையாலும் தங்கத்திடம் நீட்டினார். எப்போதிலிருந்து குழாய்களை அனுப்பலாம் என்று அவளைத்தான் கேட்டார்.

தங்கம் யோசித்தாள். "தீபாவளி முடியட்டும்னு சொல்லுங்க பாய். ரவிக்கை மலை மாதிரி கெடக்கு."

முதலாளிக்கு முன்னதாகவே ஒப்புக்கொண்ட வேலைகள் நிறைய இருக்கின்றன என்று ஜமால் மொழிபெயர்த்தார். லிம்மின் முகத்தில் மரியாதை இன்னும் ஒரு பிடி ஏறியது. தீபாவளி முடிந்த மறுவாரம் லாரி வரும் என்றார்.

வடிவேலுவுக்குப் பொறுக்கவில்லை. முன்னால் வந்து, நெஞ்சில் கை வைத்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தானே முதலாளியின் அண்ணன் என்று அறிமுகம் செய்துகொண்டார். லிம் அன்போடு கை குலுக்கி, அவரும் இங்கேதான் வேலை செய்கிறாரா என்று கேட்டார்.

"இன்னும் சேத்துக்கலை," என்றார் ஜமால்.

லிம் போன பிறகு வடிவேலு தங்கை போட்டுக் கொடுத்த கோப்பியை நின்றபடியே குடித்தார். தம்ளரை வைத்துவிட்டு மருதப்பனிடம் போனார். முகமூடி இப்போதும் இறங்கித்தான் இருந்தது.

"மாப்பிளே, என் பட்டறையில எந்திரிச்சு நின்னாலே போதும். இங்க காலைத் தொடணுமாக்கும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை சொல்வாரோ என்று பார்த்தேன். சொல்லாமல் லாரியில் ஏறிவிட்டார். தடியன்கள்தான் பாவம், கயிற்றை அவிழ்க்காமலே திரும்பினார்கள்.

தீபாவளி முடிந்து லாரி வந்தது. ஐந்தடி நடைபாதை முழுக்க எவர்சில்வர் குழாய். அந்தப் பக்கம் போகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். கடை சாத்தப்படவில்லை. போன வாரம்கூட நான் ஜன்னலில் நின்றபோது கீழேயிருந்து மருதப்பன் அண்ணாந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தங்கம்! ரெண்டே ரெண்டு பைப்புதான்லா. வந்துட்டுப் போயேன்."

"ரத்தினம்மா அக்கா ரவிக்கைக்குக் கை வைக்கணும். பொறுங்க."

"லோரி வந்துடும் தங்கம்."

"வந்தா நிக்கட்டும்."

தையல் மிஷின் கடகடவென்று ஓடியது. மருதப்பன் மேசைக்குத் திரும்பி, முகமூடியை உச்சந்தலைக்குத் தள்ளிவிட்டு, கால்களை மிதிக்கு எட்டாத தூரத்தில் மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜமால் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கதவில் சாய்ந்தார்.

"காலாங்குக்குப் போயிருந்தா இந்நேரம் ஒரு டீ குடிச்சிருப்பே."

"அங்க போனா எப்ப வேலை, எப்ப டீன்னு அவன்ல சொல்லுவான்?"

"இங்க?"

மருதப்பன் முகமூடியை இறக்கிக்கொண்டார். மிஷினை இன்னும் போடவே இல்லை.